குருவிப் பங்கு

இந்த ஊரில் குருவிக்குத் தீனி கடையில் விற்கிறார்கள். ரொட்டிக்கும் பாலுக்கும் பக்கத்திலேயே அதற்குத் தனி அலமாரி. சூரியகாந்தி விதை, தோல் நீக்கிய வேர்க்கடலை, கொழுப்பில் பிசைந்து பச்சை வலைப்பையில் போட்ட உருண்டை. வந்த புதிதில் அந்த உருண்டையைப் பொருவிளங்கா உருண்டை மாதிரி ஏதோ பலகாரம் என்று நினைத்து வாங்கி வந்துவிட்டேன். பையின் மூலையில் இருந்த குருவிப் படத்தை என் கணவர் காட்டியிராவிட்டால் கடித்தும் பார்த்திருப்பேன். காசு கொடுத்துக் குருவிக்குச் சோறு வாங்குகிற சனங்களா என்று அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை.

டென்மார்க்கில், யூலாண்ட் பக்கம், கடல் உள்ளே புகுந்து ஏரி மாதிரிக் கிடக்கும் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் பெயர் மலர்விழி. ஊரெல்லாம் தமிழ்ப் பெயர் வைத்த காலத்தில் பிறந்த பிள்ளை. இங்கே எல்லோருக்கும் நான் மலா. பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன் ஒருத்திதான் முழுப் பெயரையும் சொல்லிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டவள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. தோட்டத்துக்கு வந்து போகிற ஒவ்வொன்றின் பெயரையும் எனக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பனி உருகும்போது கூரை முகட்டில் பாடுகிற கறுப்புப் பறவை சோல்சோர்ட். இலை உதிர்கிற மாதத்தில் சருகுக்குள் மூக்கை நுழைத்துத் திரிகிற முள்ளெலி பின்ஸ்வின். எனக்கு அதெல்லாம் வேடிக்கை. ஆனால் அவளுடைய வேலிச் செடிக்குள் கும்பலாகக் கத்திக்கொண்டிருந்த பறவையை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. அது எங்கள் வீட்டு உத்திரத்தில் கூடு கட்டிய அதே சிட்டுக்குருவி. அதே பழுப்பு முதுகு, ஆணுக்கு அதே கறுப்புத் தொண்டை. நான் நின்று அழுதேன். கிர்ஸ்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அது சாதாரணப் பறவைதானே" என்றாள். "வாத்தும் நாரையும் தேசம் தேசமாகப் போய்வரும். இது எங்கேயும் போகாது. இந்தத் தெருவில் பிறந்து இந்தத் தெருவிலேயே செத்துப்போகும்."

அந்த வருடம் கிறிஸ்துமசுக்கு முன்பு கிர்ஸ்டன் ஒரு கம்பத்தில் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைக் கட்டினாள். யூலெநை என்றாள்; பண்டிகைக் காலத்தில் பறவைகளும் பசியாற வேண்டும் என்று கட்டுவதாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "எந்த வயலில் அறுத்தது?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதிர்க்கட்டில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் படித்தாள். "போலந்து" என்றாள். நான் கேட்டது அதுவல்ல. யாருடைய வயல், யார் விதைத்தது, அதில் வேறு யார் யாருக்குப் பங்கு போனது என்று கேட்க எனக்கு டேனிஷ் போதவில்லை. போதுமானதாக இருந்திருந்தாலும் கடையில் வாங்கியவளிடம் அதற்கு என்ன பதில் இருந்திருக்கும்?

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குருவிப் பங்கு. தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலுக்கு இந்தப் பக்கம், எங்களுக்கு ஆறு மா நிலம். இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மிராசுதார் நிலம். அப்பா அதில் குத்தகைக்காரர். தை மாதம் அறுப்பு முடிந்து களத்தில் நெல்லைத் தூற்றியதும் துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர், மடை பார்ப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து போட்டபிறகுதான் எங்களுக்கு. அதிலும் முதல் அரிவாளுக்கு வந்த கதிரைக் கொத்தாக முடிந்து வாசல் கூரை இறவாணத்தில் அப்பா தொங்கவிடுவார். குருவி வந்து வாய் வைக்கிறவரைக்கும் பத்தாயத்தைத் திறக்கக்கூடாது, புது நெல் குத்தக்கூடாது. கோயிலுக்குப் போகாத மனிதர், சாமி படத்துக்குக் கும்பிடு போடாதவர், இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம். "உழுதவனுக்குப் பங்கு உண்டுன்னு கொடி புடிச்சிட்டு, குருவிக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்பார். கொடி பிடித்தது உண்மைதான். மிராசுதார் ஆட்கள் நாற்றில் மாட்டை இறக்கிவிட்டதையும், வெளியேறச் சொல்லி வாசலில் வந்து நின்றதையும் தாண்டித்தான் அந்த ஆறு மா அவர் பேருக்கு வந்தது. எழுதிக் கொடுத்த அன்று அப்பா வீட்டுக்கு வராமல் நேரே வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தமிழரசிதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அப்பா போனபிறகு அக்கா கையில்தான் அந்த நிலம். அவளுக்கு வாய்த்தவரும் சீக்கிரமே போய்விட்டார். நான் டென்மார்க் வந்தபின்னால் எங்கள் பக்கம் இறால் குட்டைகள் வந்தன. கடல் தண்ணீரை மோட்டார் போட்டு இழுத்து, நஞ்சை நிலத்தை வெட்டிக் குட்டையாக்கி, அதில் இறால் வளர்த்தார்கள். அப்பாவோடு ஊர்வலம் போனவர்களின் பிள்ளைகள்தான் முதலில் விற்றார்கள். அக்காவும் சில பெண்களும் மண் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் படுத்தார்கள். நாகப்பட்டினத்துக்கு மனுவோடு நடையாய் நடந்தார்கள். ஆட்சி மாறியது, சுவரில் வரைந்த சின்னம் மாறியது, குட்டை மட்டும் பெருகிக்கொண்டே போனது. கடைசியில் எங்கள் ஆறு மாவைச் சுற்றி நாலு பக்கமும் உப்புத் தண்ணீர். இறாலைக் கொக்கும் நீர்க்காகமும் கொத்தாமலிருக்கக் குட்டைக்காரர்கள் மேலே நூல் கட்டி, பொழுதுக்கும் வெடி போட்டார்கள். கொக்கு போயிற்று. கூடவே குருவியும் போயிற்று. வெடியாலா, உப்பாலா, ஓட்டு வீடெல்லாம் காரை வீடானதாலா, எனக்குத் தெரியாது. ஒரு நாள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்து சேர்ந்த சேதி. பதிலுக்கு நான் என்ன சொல்வேன்? இங்கே பூ பூத்தது, முள்ளெலி குட்டி போட்டது, வேலி நிறையக் குருவி என்று சொல்வேன். எதையாவது சொல்லி அவளைச் சிரிக்கவைக்கலாம் என்ற நினைப்பு. நிலத்தை விடாதே அக்கா, மழை வந்தால் உப்புக் கழுவிப் போய்விடும் என்றும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். எனக்கென்று உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தது அந்த ஆறு மாவை வைத்துத்தான். அதைக் காப்பாற்றுகிற வேலை மட்டும் அவளுடையது.

போன ஆடியில் ஊருக்குப் போனேன். வயல் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அந்தத் தையில் அறுத்தது ஒரு மூலையில் விளைந்த கொஞ்சம் நெல்தான் என்றாள் அக்கா. அதிலும் முதல் கொத்தை முடிந்து, அணிலுக்கு எட்டாமல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். ஒரு மணி குறையாமல் அப்படியே இருந்தது.

"தையிலேர்ந்து தொங்குதுடி. ஒரு குருவி வந்து மூக்க வைக்கல" என்றாள். "உங்க ஊர்ல வேலி பூரா குருவின்னு சொன்னியே, அங்க எடுத்துட்டுப் போயிக் கட்டு. அது தின்னுடுச்சின்னா பங்கு தீந்துடும். அதுக்கப்பறம் நான் குட்டக்காரனுக்குக் கிரயம் எழுதிக் குடுத்துடறேன். அப்பா வச்ச பங்கு தீராம நெலத்தக் கை மாத்த மாட்டேன்."

"நெலத்தக் குடுத்துட்டு நாம எங்கக்கா போறது?"

"நாமளா?" அக்கா கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நீ எப்பவோ போயிட்ட. நான்தான் இங்க உப்ப மிதிச்சிக்கிட்டு நிக்கிறேன். வாய்க்கால் அவன் கையில. நடந்து போற வரப்பும் அவன் வரப்பு. தஞ்சாவூர்ல எம் பொண்ணு வா வான்னு கூப்புடறா. எத்தன நாளைக்குடி?" அவள் குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாக இருந்தது. அந்தக் காலைப் பார்த்தபிறகு நானே கொத்தைக் கம்பியிலிருந்து இறக்கினேன். கதிரைப் பட்டுப்புடவைக்குள் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்தேன்.

சமையலறை சன்னலுக்கு மேல், கூரை ஓரத்தில் அதைக் கட்டினேன். கிர்ஸ்டன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கைதட்டினாள். "யூலெநை! ஆனால் இன்னும் கோடையே முடியவில்லையே!" இது அவற்றின் பங்கு என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். "ஆமாம், பரிசு" என்றாள். பரிசு இல்லை, கொடுத்தே தீரவேண்டியது என்று சொல்லப் பார்த்தேன். அவள் தலையாட்டி, "மிக அழகான பரிசு" என்றாள். விட்டுவிட்டேன்.

கட்டியதென்னவோ கட்டிவிட்டேன். ஆனால் குருவி அதைத் தின்றால் நிலம் போய்விடும். அதனால் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் இருப்பதிலேயே ஒசத்தியான தீனியாக வாங்கினேன். தோட்டத்துத் தீனித் தட்டில் சூரியகாந்திப் பருப்பைக் குவித்தேன். வலைப்பை உருண்டைகளைக் கிளைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். பருப்பு இருக்க உமியை யார் சீந்துவார்கள்? குருவிகள் எங்கள் நெல்லை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து குருவி வரவேண்டும் என்று காத்திருந்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுப் பெண்ணான நான், குருவி வந்துவிடக் கூடாது என்று சன்னலில் நின்று காவல் காத்தேன். மாலையில் கடலோரம் நடக்கப் போவேன். இலை பழுத்தது. சாம்பல் வாத்துகள் கத்திக்கொண்டே வரிசையாகத் தெற்கே போயின. முள்ளெலி சருகுக் குவியலுக்குள் தூங்கப் போய்விட்டது. அக்கா கூப்பிடும்போதெல்லாம், "இன்னும் இல்லக்கா" என்பேன். பொய்யில்லை. "பாக்கலாம், பசி வந்தாத் தின்னும்" என்பாள் அவள்.

தை பிறக்கிற சமயத்தில் பனி கொட்டியது. வேலி, பாதை, தீனித் தட்டு எல்லாம் மூடிப்போயிற்று. அன்று காலை எனக்கு இல்லத்தில் வேலை. பகலில் திரும்பி வந்தபோது கிர்ஸ்டன் என் தோட்ட வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், குளிரில் மூக்கு சிவந்து, முகமெல்லாம் சிரிப்பு. என் கதிர் கேட்பாரற்றுத் தொங்குவதைப் பார்த்து அவளுக்கு இத்தனை மாதமும் மனசு கேட்கவில்லையாம். பறவைகளுக்குச் சோம்பல், நல்ல தீனி இருக்கிறவரை புதிதைத் தொடாது, அதனால் காலையிலேயே தன் தட்டையும் என் தட்டையும் உருண்டைகளையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாளாம். "வா, பார்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சன்னலுக்கு மேல் வைக்கோல்தான் இருந்தது. கீழே வெள்ளைப் பனியில் உமி சிதறிக் கிடந்தது. இரண்டு குருவிகள் இன்னும் கொத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, கடைசி மணிகளைத் தேடிக்கொண்டிருந்தன. இங்கே விருந்துக்கு வந்தவர்கள் எழுந்திருக்கும்போது, சாப்பாட்டுக்கு நன்றி என்று வீட்டுக்காரிக்குச் சொல்லவேண்டும். அதுதான் மரியாதை. கிர்ஸ்டன் குருவிகளுக்காக எனக்கு அதைச் சொன்னாள். பதிலுக்குச் சொல்ல ஒரு வார்த்தை உண்டு, எனக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு மனசுக்குள் அவளைத் திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

"அக்காவுக்கு எப்படித் தெரியப்போகுது? இன்னும் தின்னலன்னே சொல்லிடேன்" என்றார் கணவர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தேன். அக்காவின் குரலைக் கேட்டதும் அந்தக் குதிகால் ஞாபகம் வந்தது.

"தின்னுடுச்சா?" என்றாள் அக்கா.

"ம்."

"எத்தன குருவிடி?"

"நெறைய, அக்கா."

"மிச்சம் வைக்காம தின்னுச்சா?"

"ஒரு மணி விடல."

அந்தப் பக்கம் தூரத்தில் வெடி ஒன்று கேட்டது. பிறகு அக்கா, "நம்ம நெல்லு அதுக்குப் புடிச்சிருக்கு பாரேன்" என்றாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே கிரயம் முடிந்தது. அதற்கடுத்த வாரம் வெட்டும் இயந்திரம் இறங்கியது. இந்தத் தடவை அதன் முன்னால் படுக்க அங்கே யாருமில்லை. அக்கா தஞ்சாவூரில், மாடியில், மகள் வீட்டில் இருக்கிறாள். கீழே இறங்குவதே இல்லையாம்.

எங்கள் ஆறு மா கடைசியாக விளைந்ததெல்லாம் இந்த வேலிக்குள் இருக்கிற குருவிகளின் வயிற்றில்தான் போயிற்று. தெருவைத் தாண்டாத பறவைகள். அவற்றுக்கு ஊர் இருக்கிறது. எனக்கும் அக்காவுக்கும்தான் இல்லை. காலையில் அவை கத்தும்போது எழுந்துபோய்த் தட்டில் தீனி போடுகிறேன். கடைத் தீனிதான்.

நேற்று கிர்ஸ்டன் வேலியோரம் நின்று அந்த வெறும் வைக்கோலைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருடத்துக்கு எங்கிருந்து வாங்குவாய்?" என்று கேட்டாள்.

"போலந்திலிருந்து" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வைக்கோலை இன்னும் அவிழ்க்கவில்லை. அது அக்கா போட்ட முடிச்சு.