காற்சட்டைப் புனிதர்

ஞாயிற்றுச் சந்தையில், அந்தக் காலத்துச் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த பட அட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நடுவகிடும் பெரிய காதுகளுமாக ஓர் அட்டையிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். உடனே எனக்கு மெழுகுதிரிப் புகை மணத்தது.

மெல்பேர்னில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்து இப்போது நான்கு யூனிட் கட்டிவிட்டார்கள். அந்த வீட்டின் முன்னறையில், இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே வேல்ஸ் அணிக்குக் காற்பந்து ஆடிய இந்த சென்டர் ஃபோர்வர்ட் காற்சட்டையோடு படமாகத் தொங்கினார். வீட்டுச் சொந்தக்காரியின் தகப்பன். படத்தைக் கழற்றக்கூடாது என்பதே அவளுடைய ஒரே நிபந்தனை. செத்த மனிதரை இருட்டில் விட மனமில்லாத அம்மா, பக்கத்தில் அந்தோனியாருக்கு ஏற்றும்போதெல்லாம் இவருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். சனிக்கிழமைச் செபமாலைக்கு வந்த அன்ரிமார், இவரையும் ஒரு வெள்ளைக்காரப் புனிதர் என்று நினைத்து, குசினியில் பற்றிஸ் பொரியும் சத்தத்துக்கு மேலாக நிரந்தரமாகத் தங்க பி.ஆர். விசா கேட்டு மன்றாடினார்கள். வந்தவர்களைச் சங்கடப்படுத்தக்கூடாதென்று அம்மா திருத்தவில்லை.

"காற்சட்டையோட நிண்டாலும் கேட்டதைத் தாறார்," என்றார் முதலில் விசா கிடைத்த அன்ரி. பிறகு ஒவ்வொருவராக எல்லோருக்கும் கிடைத்தது. எங்களுக்குத்தான் கடைசி.

அட்டையைத் திருப்பினேன். தான் கோல் அடித்ததைவிட மற்றவர்களை அடிக்க வைத்ததே அதிகம் என்று அவருடைய ஆட்ட வாழ்க்கையை ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அம்மாவுக்கு போன் எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"அவர் எங்கட வீட்டு ஆளெல்லோ," என்றார் அம்மா. "வந்தாக்களுக்கெல்லாம் குடுத்துப்போட்டுத்தானே வீட்டாக்கள் சாப்பிடுறது."