குரைக்கிற நாயும் வில்பிரட்டும்

தாம்பரம் ஸ்டேஷன் சிக்னல் கேபினில் லீவர் இழுக்கிற வில்பிரட்டுக்குச் சர்ச் சபையில் பெரிய தமாஷ்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே அவர் மனைவி தபீதாள்தான். அவள் பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். புருஷனுக்குப் பழமொழியும் புரியாது, பேச்சுக்குச் சொல்வதும் புரியாது என்று வெளியே தெரிந்தால் மானம் என்னாவது? அதனால் அவர் ஏடாகூடமாக எதைச் சொன்னாலும் இவள் முந்திக்கொண்டு சிரித்துவிடுவாள். சபையும் கூடச் சேர்ந்து சிரிக்கும்.

1969 மழையில் வில்பிரட் கேபின் படியில் வழுக்கி விழுந்தார். மண்டையில் ஐந்து தையல். மூளை சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி லீவரைத் தொடலாம். இல்லாவிட்டால் வேலை போச்சு.

டாக்டர் இளவயதுக்காரர். "குரைக்கிற நாய் கடிக்காது. இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"தப்பு டாக்டர். குரோம்பேட்டையில ஒண்ணு குரைச்சிக்கிட்டே கடிச்சுது. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி."

தபீதாள் பழக்கதோஷத்தில் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே?"

"விடவே மாட்டேன் டாக்டர். எனக்கு நீச்சல் தெரியாது."

டாக்டர் பேனாவைத் திறந்தார். "பழமொழியைக் கேட்டதும் மூளை நாயை விட்டுட்டு மனுஷனைப் பிடிக்கணும்மா. இவர் நாய்கிட்டயே நிக்கறார். அடி பலம்."

தமாஷ் பண்றார் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் டாக்டர் இன்னொரு பழமொழி கேட்பார், இவர் அதிலும் மாட்டிக்கொள்வார். மானமா, வேலையா? தபீதாள் மானத்தை விட்டாள்.

"அடியெல்லாம் இல்ல டாக்டர். இவர் எப்பவுமே இப்படித்தான். நிச்சயதார்த்தத்துல எங்கப்பா, 'என் கண்ணையே உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்'னு அழுதார். இவர், 'ஆபரேஷன் எப்ப மாமா'ன்னு கேட்டார். பத்தொன்பது வருஷமா நான்தான் சிரிச்சு சிரிச்சு மூடி மறைக்கிறேன். ஆனா கேபின்ல ஒரு தப்பு பண்ணதில்ல. சிவப்புன்னா நில்லு. அதுக்கு உள்ளர்த்தம் தேடற ஆளா டாக்டர் அங்க வேணும்?"

டாக்டர் சிக்னல் பற்றி நாலு கேள்வி கேட்டார். வில்பிரட் விதிப் புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பித்தார். கையெழுத்து விழுந்தது.

திரும்பும் ரயில் பல்லாவரத்தில் நின்றபோது வில்பிரட் கேட்டார்.

"அப்ப நான் தமாஷ்காரன் இல்லையா, தபி?"

"இல்லீங்க. ஆனா நீங்க இல்லாம என்னால முடியாது."

"எது முடியாது?"

வழக்கமாக அவள் சிரிக்கிற இடம் அது. இப்போது சிரிக்கவில்லை.

"சாப்பிட முடியாது. தூங்க முடியாது. ஸ்கூலுக்குப் போய்ப் பாடம் நடத்த முடியாது" என்று ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

வில்பிரட் யோசித்துத் தலையாட்டினார். "இது புரியுது" என்றார்.