ஜின்னுக்குக் காவல் வைத்த அறையில் ஒரு ஜின் கதை

அந்தப் பாக்குவெட்டியால் யாரும் பாக்கு வெட்டி நான் பார்த்ததில்லை. அது சாச்சியுடையது. எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், உம்மாவின் தங்கையான சாச்சி அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து பிள்ளை பெற்றவளின் தலையணைக்கடியில் செருகிவிடுவார். நாற்பது நாள் முடியும்வரை அது அங்கேதான் கிடக்கும். இரும்பு இருந்தால் ஜின் அண்டாதாம். என் அக்காவான ராத்தாவுக்கு மகள் பிறந்தபோதும் கொண்டுவந்து செருகினார். அந்த நாற்பதுக்குள்தான் நான் ராத்தாவுக்கு ஒரு ஜின் கதையை வாசித்துக் காட்டினேன்.

அப்போது நான் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். கையில் ராத்தாவின் கணவரான மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பிய போன். அதில் கிழமைக்கு ஓர் அத்தியாயமாக ஒரு தொடர்கதை வரும். கொழும்பின் மாடிக் கட்டடங்களுக்குள் மனிதரைப் போல உடுத்தித் திரியும் ஜின்கள், அவர்களை அடக்கப் பிறந்த ஒரு பெண், அவளையே காதலிக்கும் ஒரு ஜின். அந்த ஜின்னின் மேல் எனக்கு உயிர். கல்முனை பஸ் நிலையத்தில் உயரமாக ஒருவன் தனியே நின்றாலே இவனாக இருக்குமோ என்று பார்ப்பேன். அவ்வளவு விசர்.

ராத்தா வாய் ஓயாதவள். தெருவில் மீன்காரர் போனால் கூப்பிட்டு, வாங்காவிட்டாலும் நாலு கதை கதைத்துவிட்டுத்தான் அனுப்புவாள். பிள்ளை பிறந்த பிறகு அந்த வாய் அடைத்துவிட்டது. பால் கொடுப்பாள், சுவரைப் பார்ப்பாள். பிள்ளையைத் தானாகத் தூக்கமாட்டாள். நாங்கள் எடுத்துப் பக்கத்தில் கிடத்த வேண்டும். மச்சான் வீடியோவில் வந்து, "புள்ளயத் தூக்கிக் காட்டு" என்றால் என்னைக் கையால் கூப்பிடுவாள். "பார்வ பட்டிரிக்கி, ஓதிப் பாக்கணும்" என்றார் சாச்சி. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை, கதையைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். சாச்சி வாசலில் நின்று தலையில் கைவைத்தார்.

"யா அல்லாஹ்! ஜின்னுக்குக் காவல் வெச்சிக்கிட்டு ஜின்ட கதையாடி வாசிக்கிறீங்க?"

ராத்தா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதனால் சாச்சியும் தடுக்காமல் போய்விட்டார்.

இரவில் கதாநாயகி தூங்குவதை ஜின் அறைக்குள் வந்து யன்னலோரம் நின்று பார்க்கும் இடத்தை நான் உருகி உருகி வாசித்தேன். ராத்தா குறுக்கே விழுந்தாள். "கேக்காமக் கொள்ளாம அறைக்குள்ள வாறான். எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் இப்படி வந்தா நாம என்னடி செய்வம்?"

"பொலிசுக்குப் போவம்."

"அப்ப ஜின்னெண்டா மட்டும் காதலா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கதைக்கிறாளே! கோபத்தை விழுங்கிக்கொண்டு வாசித்தேன். கதாநாயகிக்குப் பிள்ளை பிறந்தது, அடுத்த பந்தியிலேயே வாளோடு மொட்டைமாடியிலிருந்து குதித்தாள். "ஏன்டி, அவளுக்குப் பால் கட்டாதா? தையல் ஒண்டும் போடல்லயா?" என்றாள் ராத்தா. பிள்ளையைப் பாதுகாக்கிறேன் என்று ஜின் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் உலகத்துக்குக் கொண்டுபோனான். அவள் ஒரு வரி அழுதுவிட்டுச் சண்டைக்குப் போனாள். ராத்தா பிள்ளையின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள், கதாநாயகியின் உம்மா அவள் கண்முன்னே கொல்லப்பட்டதை ஜின் நினைவுபடுத்தும் இடம் வந்தது. எல்லாவற்றையும் இழந்தவளுக்குப் பயம் ஏது, அந்த இழப்புத்தான் உன் பலம் என்கிறான். நான் முன்பு அந்த இடத்தில் புல்லரித்துப் போயிருக்கிறேன். ராத்தா எழுந்து உட்கார்ந்தாள்.

"பொய். எல்லாம் போனவளுக்குத்தான்டி பயம் கூட."

எங்கள் உம்மாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோனபோது ராத்தாவுக்குப் பத்து வயது, எனக்கு நாலு. எனக்கு ஞாபகம் எதுவும் இல்லை. ராத்தா அதைப் பற்றிக் கதைத்ததும் இல்லை. அன்றைக்குத்தான் சொன்னாள். "உம்மா என்ட கைய விட்டுட்டுத்தான் உன்னத் தூக்கி மேல நிண்டவங்களிட்ட குடுத்தா. நான் மதிலப் புடிச்சிக்கிட்டு நிண்டன். திரும்பிப் பாக்கக்குள்ள உம்மா இல்ல." பிறகு மெதுவாக, "இந்தப் புள்ளயத் தூக்கப் பயமாரிக்கி. கைய விட்டுப் போயிரும் போல. ஆரிட்டயும் சொல்லிராத" என்றாள்.

நான் நேரே குசினிக்குப் போய்ச் சாச்சியிடம் சொன்னேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? ஓதுகிறவரைக் கூப்பிட ஆள் அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். சாச்சி அகப்பையை வைத்துவிட்டு நிலத்தில் குந்தி அழுதார். "இத்தன வருசம் என்ட கையால சோறு திண்ட புள்ள. நான் ஒரு நாளும் கேக்கல்லயே" என்றார். அடுத்த முறை பிள்ளையை நிறுக்க மிட்வைப் மிஸ் வந்தபோது சாச்சியே வாய்திறந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூட்டிப்போனார், டொக்டரிடம் ராத்தா கதைத்து முடியும்வரை வெளியே வாங்கில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தார். மருந்து, கதை, ஓதல் எல்லாம் நடந்தது. நாள் சுணங்கித்தான் சுகமானாள். ஒரு நாள் ராத்தா தானாகவே பிள்ளையைக் குளிப்பாட்டினாள். சாச்சி துவாயை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை.

அந்த மாதிரிக் கதைகளை நான் இன்றைக்கும் வாசிக்கிறேன். பொய் சொல்லி என்ன, விடமுடியவில்லை. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் என்னைப் போலத் தூக்கம் விழித்துப் போனில் தட்டும் பெண்கள்தானே! பட்ட அடியெல்லாம் சக்தியாக மாறும் ஓர் உலகம் வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் முதல் அத்தியாயத்திலேயே உம்மாவைக் கொன்று மௌத்தாக்கிவிட்டு, கதாநாயகியை வாளோடு ஓடவிடும்போது எனக்கு மனம் எரிகிறது. அவளை ஒருவராவது பிடித்து உட்கார வைத்து, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் என்ன? கதை ஓர் அத்தியாயம் நீளும், அவ்வளவுதான்.

இந்த வருடம் எனக்கு மகன் பிறந்திருக்கிறான். சாச்சிக்கு முழங்கால் வருத்தம், நடக்கமுடியாது. பாக்குவெட்டியை ராத்தாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ராத்தா அதைத் தலையணைக்கடியில் செருகும்போது, அந்தத் தொடர்கதையின் முடிவைச் சொன்னேன். ஒளித்துவைத்த பிள்ளை வளர்ந்து, வாளோடு வந்து உம்மாவைக் காப்பாற்றுகிறது.

"அப்ப அதுக்கு மொதப் பல்லு மொளைச்சத ஆரு பாத்த?" என்றாள்.

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ராத்தா என் முகத்தைப் பார்த்தாள்.

"பயமாரிக்காடி?"

"ஓம் ராத்தா."

பயப்படாதே என்று அவள் சொல்லவில்லை. "மெய்தான், பயமாத்தான் இரிக்கும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற தன் மகளைக் கூப்பிட்டாள். ராத்தா ஒரு காலம் தூக்கப் பயந்த பிள்ளை வந்து, காலை நீட்டி உட்கார்ந்து மடியை விரித்தது. ராத்தா என் மகனை எடுத்து அந்த மடியில் வைத்தாள்.

"தலையப் புடி. கை உளைஞ்சாச் சொல்லு, நான் வாங்குறன்" என்று மகளிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ படு" என்றாள்.

படுத்தேன். தலையணைக்கடியில் பாக்குவெட்டி குத்தியது. சற்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தூங்கினேன்.