இரு முனையும் பொருந்திய மாலை

எழுபதுகளில் பெருமாட்டி என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கணித விரிவுரையாளர் குடியிருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் எப்போதும் சாக்பீஸ் தூள். வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஆராய்ச்சி. சமன்பாட்டில் மிகச் சிறிய உறுப்பொன்றை விட்டுவிட்டால் கணக்கு எளிதாகும், ஆனால் விடை ஒரு முனையில் பொருந்தாமல் போகும். அதைச் சரிக்கட்டும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். மாலைதோறும் அதை மனைவியிடம் உரக்க விளக்குவார். அந்த அம்மா காய்ச்சலில் இறந்தபின் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

ஒரு மாலை வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, வழி கெடைச்சிருச்சுங்க. ரெண்டு முனையும் பொருந்துது."

"எனக்கு அதெல்லாம் புரியாதுங்களே," என்றேன்.

"அவளுக்கும் புரியாதுங்க. சும்மா கேட்டுட்டிருப்பா. நீங்க சித்த நேரம் கேக்கறீங்களா?"

உட்காரச் சொன்னேன். வழிந்த கண்ணீரைத் துடைக்காமலே விளக்கினார். எந்த இடத்தில் 'ம்' சொல்ல வேண்டுமென்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.