முதுகு காட்டி எண்ணுகிறவர்

அட்டைப்பெட்டிகளுக்கு அச்சடிக்கும் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி, கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து பேனல் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் இரும்புப் பெட்டிக்குள் 'டக்' என்று கேட்கும்போதெல்லாம் அவருடைய இடது கை சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்துச் சத்தமில்லாமல் டிபன் மூடியில் வைக்கிறது. டக், ஒரு வாஷர். டக், இன்னொன்று. வாய் மெல்லுவதை நிறுத்துவதில்லை.

மோட்டார்களை இயக்கும் மின்பலகைகளை, அதாவது பேனல்களைக் கட்டுவது இருபத்திரண்டு வருடமாக அவர் தொழில். அந்த 'டக்', பலகைக்குள் இருக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சின் சத்தம். ஆபரேட்டர் பட்டனை அழுத்தினால் அதனுள் காந்தம் இழுத்து, முனைகள் ஒட்டி, மோட்டாருக்கு மின்சாரம் பாயும். கையை எடுத்தால் முனைகள் பிரியும். அக்கா கட்டிக்கொடுத்த இந்தப் பலகையில் எட்டே மாதத்தில் மூன்று கான்டாக்டர்கள் கருகிவிட்டன. ஆபரேட்டருக்கு "முரட்டுக் கை" என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். இன்னொன்று போனால் அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். பதினொரு வருடமாக இந்த அச்சு உருளைகளோடு பழகியவர் அவர்.

காலையில் வந்ததும் அக்கா அவரிடம் கேட்டார்: "மணிக்கு எத்தன தடவ பட்டனத் தட்டுவீங்க தம்பி?"

ஆபரேட்டர் ஓரக்கண்ணால் சூப்பர்வைசரைப் பார்த்தார். "அஞ்சாறு தடவ இருக்கும்க்கா."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல எதுக்குக்கா?"

அக்கா ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தார். உண்மையிலேயே ஆறு முறைதான். ஆனால் அச்சு ஒரு விரற்கடை விலகி விழுந்து, பதினான்கு அட்டைகள் பாழ்.

"பாத்துக்கிட்டு நின்னா எல்லாரும் நல்ல பிள்ளதான்" என்பார் அக்கா. "பாக்காதப்ப என்ன செய்றாங்களோ, அதுக்குத்தான் நான் சாமான் போடணும்." சாப்பாட்டுப் பையோடு வாளியில் முதுகு காட்டி உட்காரப் போனவர், சூப்பர்வைசரையும் விடவில்லை. "சார், நீங்க கொஞ்ச நேரம் ஆபீஸ்ல உக்காருங்க. நீங்க நின்னா மிஷினே கூச்சப்படுது."

ஒரு மணி நேரத்தில் மூடியில் அறுபத்து மூன்று வாஷர்கள். நீட்டிக் காட்டியதும் ஆபரேட்டரின் முகம் வெளுத்தது.

"சொல்லிடாதீங்கக்கா. அச்சு நேரா விழணும்னா உருளைய இம்மி இம்மியா நகத்தணும். தட்டாம எப்படி?"

"தட்டத்தானே தம்பி பட்டன் வச்சிருக்கேன்?"

மூடியோடு நேராக ஆபீசுக்குப் போனார். "ஓடிட்டிருக்கற மோட்டார நிறுத்தறது வேற சார். கெளம்பற நொடியிலயே வெட்டினா ஆறு மடங்கு கரண்ட வெட்டணும், பொறி பறக்கும். மணிக்கு அறுபது தடவ அப்படி வெட்டறதுக்குப் போட்ட சாமான் இல்ல இது. பலகை கட்டறதுக்கு முன்னால போன்ல கேட்டேன், நீங்களும் அஞ்சாறுன்னு சொன்னீங்க. நேர்ல வந்து பாக்காதது என் தப்பு."

"அப்ப அவன் கை முரடு இல்லேங்கறீங்க?"

"முரடா? எறும்ப எழுப்பாம கட்டில நகத்தற கை சார் அது."

இரண்டு அளவு பெரிய கான்டாக்டர் பழைய இடத்தில் நுழைய மறுத்தது. பக்கத்திலிருந்ததைத் தள்ளி வைத்துப் புதிதாகத் துளை போட்டார். இரும்புத் தூள் உள்ளே விழாமலிருக்க மற்றவற்றின் மேல் ஒரு பழைய பனியனைப் போர்த்தினார். "எங்க வீட்டுக்காரரோடது. அவரவிட இதுதான் ஓவர்டைம் பாக்குது." ஒவ்வொரு திருகையும் இறுக்கி, ஒவ்வொரு வயரையும் ஒருமுறை சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மெயின் சுவிட்சைப் போட்டாயிற்று. ஆபரேட்டரின் விரல் பட்டன் மேல் தயங்கி நின்றது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா இன்னொரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துத் தன் வாளிக்குப் பக்கத்தில் போட்டார். சூப்பர்வைசரின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, சுவரைப் பார்க்க உட்கார வைத்தார். பிறகு ஒரு கை நிறைய வாஷர்களை எடுத்து அவர் உள்ளங்கையில் கொட்டினார்.