பனிக்குள் எல்லாரும் நடுவில்

ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அக்கா. மூன்று வருடம் கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். அக்காவைப் பற்றி எழுதுவதற்கு, படித்தவர்கள் குடும்பத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவனிடம் இந்த அஞ்சலிக் குறிப்பை எழுதக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அழுகை வருகிறதாம். எனக்கும் வருகிறது. ஆனால் என் மூஞ்சி அழுதாலும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்.

அப்பா இறந்ததும் அக்கா படிப்பை விட்டு கொழுந்து வேலைக்கு மலை ஏறினார். கல்யாணமான ஆறாம் வருடம் மாமாவும் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. கொழுந்து வெட்டும் மெஷினுக்கு இரண்டு பக்கமும் பிடி உண்டு. ஒன்று அக்கா, இன்னொன்று நான். நான் சாய்த்துப் பிடிப்பேன், அவர் நிமிர்த்துவார். இருபது வருடம் இப்படியே நடந்தோம்.

ஒருநாள் காலையில் பனி இறங்கியது. வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மெஷினை நிறுத்தச் சொன்னார். நான் ஒன்றுக்கு ஒதுங்கினேன். திரும்பி வரத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த மலையில் தொலைந்துபோன ஒரே ஆள் நான்தான்.

"அக்கா! எங்க இருக்க?"

"இங்கதான்டா. நீ எங்க நிக்கிற?"

"நடுவுலக்கா! சுத்தி நாலு செடி தெரியுது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல!"

"எனக்கும் அப்படித்தான்டா தெரியுது. நானும் நடுவுலதான் நிக்கிறேன்."

பனிக்குள் எங்கிருந்தோ மண்டோர் கத்தினார். "நானும் நடுவுலதான்லா! ரெண்டு பேரும் வாய மூடிட்டு நில்லுங்க!"

மலையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"தம்பி, தூரத்து நட்சத்திரத்துல ஒருத்தன் நின்னு பாத்தாலும் சுத்தி வட்டமாத்தான தெரியும்? அவனும் நான்தான் நடுவுன்னு நெனப்பான். அப்ப வானத்துக்கு ஓரம் எங்கடா இருக்கு?"

"கிளாஸ்ல நான் உக்காந்த எடந்தான்க்கா ஓரம். வேற எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு தோட்டத்தை நடத்தும் துரை பெருமையடித்தாலும், நான் குடித்துவிட்டு வந்து கத்தினாலும் அக்காவுக்கு ஒரே பதில்தான். "சரி, நீயும் நடுவுதான். சாப்புடு."

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். ஊசி, காத்திருப்பு, மறுபடியும் ஏற்றம். நான்கு வருடம். வளைவுகளில் அக்கா வாந்தி எடுப்பார், நான் ஜோக் சொல்வேன். கடைசி வருடம் என்னிடம் ஜோக் தீர்ந்துபோனது.

ஒருநாள் நான் ஓட்டும் வேனில் ஏறாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும்டா. உடம்பு அசந்துபோச்சு."

"வாக்கா, போலாம்."

"நீ இன்னொரு தடவ கூப்புட்டா வந்துருவேன். கூப்புடாதடா."

நான் கூப்பிடவில்லை. வேன் சாவியைக் கீழே வைத்தேன். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் எடத்துல நின்னு பாத்தா அக்காவ விட்டுட்ட மாதிரித்தான் தெரியும். நான் இருக்கிற எடத்துலேருந்து அப்படித் தெரியலடா."

பத்தாம் நாள் போய்விட்டார்.

ஏன் வற்புறுத்தவில்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அக்காவின் பிடிவாதம் என்று சொல்லித் தப்பித்தேன். அது பாதிதான். சாவியைக் கீழே வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு களைத்திருந்தேன்.

வலிக்காமல் ஊசி போட்ட நர்ஸ் மிஸ்ஸிக்கும், வளைவுகளில் எங்களுக்கு வழிவிட்ட காய்கறி லாரிக்காரர்களுக்கும், என்னால் முடியாத நாட்களில் வேன் ஓட்டிய மண்டோருக்கும் நன்றி. இதில் பிழை திருத்திய என் மகளுக்கும் நன்றி. 'நிம்மதியாக இருந்தது' என்கிற அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"வேணாம்மா," என்றேன். "இருக்கட்டும்."