ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாப்பிள்ளை பார்த்தது

ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவரோடு அரை நாள் ஊர் சுற்றினால் போதும். ஜாதகமும் வேண்டாம், அக்கம்பக்கத்து விசாரிப்பும் வேண்டாம். இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீடு மாரெட்பள்ளியில் இருப்பதால், ஹைதராபாத் பார்க்க வருகிற உறவுக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குச் சார்மினாரும் கோல்கொண்டாவும் காட்டுகிற வேலை, கல்யாணமாகி வந்த நாள் முதல் என் தலையில்தான். கோல்கொண்டாவில் பாதிப் படி ஏறுவதற்குள் எனக்கு ஆள் பிடிபட்டுவிடும். மூச்சு வாங்குகிற பெண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே மேலே போகிறவர், கைடு வாயைத் திறப்பதற்குள் தானே சரித்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறவர் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. நான் திருமுல்கேரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். யாரைப் பார்த்தாலும் மனசுக்குள் மார்க் போட்டுவிடுவேன். பழக்கதோஷம்.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இரண்டாவது கல்யாணப் பேச்சு வந்தது. என் கணவர் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன்தான் ஆரம்பித்து வைத்தான். அவனோடு வேலை செய்யும் பெண்ணின் அப்பா, மைசூர்த் தமிழர், பேங்க் வேலையில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். "மம்மி, ஜஸ்ட் டாக் டு ஹிம், யா" என்றான். நான் தமிழில் எதைக் கேட்டாலும் அவனுக்கு இங்கிலீஷில்தான் பதில் வரும். சரி, பேசித்தான் பார்ப்போமே என்று பேசினேன். அவர் குறைவாகப் பேசினார், நிறையக் கேட்டார். எனக்குப் பிடித்திருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

முறைப்படி வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா என்று அவர் கேட்டார். பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்கிற வயதைத் தாண்டிவிட்டேன், நானே வந்து உங்களைப் பார்க்கிறேன், எங்கேயாவது ஊர் சுற்றிக் காட்டுங்கள் என்றேன். மைசூருக்குப் பக்கத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது, காவேரி சுற்றி ஓடும் தீவு, கோட்டையும் கோயிலும் அரண்மனையும் அரை நாளில் பார்த்துவிடலாம் என்றார். நமக்கு மட்டும் ஒரு வண்டி, ஒரு கைடு என்று செல்போனிலேயே ஏற்பாடு செய்தார்.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான், அது என் நாத்தனார். மாரெட்பள்ளி வீடு என் மாமனார் கட்டியது. அவள் பிறந்தது, வளர்ந்தது, மணையில் உட்கார்ந்தது எல்லாம் அங்கேதான். இப்போது மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். ஆடிக்கு அழைப்பதும், பொங்கலுக்கு மஞ்சளும் கரும்பும் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான். வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தால் சோறு போட்டு வைத்திருந்து, கோபம் தணிந்ததும் "போதும், கிளம்பு" என்று துரத்திவிடுவதும் நான். நான் கதவைப் பூட்டிக்கொண்டு மைசூருக்குப் போய்விட்டால் அவளுக்குப் போக ஒரு வாசல் கிடையாது. கல்யாணம் என்றால் நான்தான் மைசூருக்குப் போவேன் என்று எல்லோரும் முடிவே கட்டியிருந்தார்கள், அவர் உள்பட. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நீயும் வர்றியா?" என்று கேட்டேன். "நான் வராம? மாப்பிள்ளை பாக்கப் போறது நாத்தனார் இல்லாமலா அண்ணி?" என்றாள்.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஹைதராபாத்தில் புடவைக்கடைக்குப் போனால் கடைக்காரருக்குப் புரியாமல் இருக்கத் தமிழில் பேசிக்கொள்வோம். தமிழ்நாட்டில் கல்யாணம், காட்சிக்குப் போனால் எங்கள் ஊர் உருதுவுக்குத் தாவிவிடுவோம். ஒரு அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த அத்தையின் நகையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை. இவரோ போனிலேயே தனக்கு இந்தி வராது என்று சொல்லியிருந்தார். அப்புறம் என்ன?

மைசூரில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குக் காலையில் எங்களை ஏற்றிக்கொள்ள வந்தவர், கஞ்சி போட்ட சட்டையும் சாயம் பூசிய மீசையுமாக டிரைவருக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் நாத்தனார் என் காதோரம் வந்து உருதுவில் ஆரம்பித்தாள். தொப்பையை எவ்வளவு நேரம்தான் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருப்பார், பாவம், மூச்சு முட்டிவிடப் போகிறது என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்னால் அவர் நீளமாக ஒரு மூச்சை விட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

முதலில் ரங்கநாதர் கோயில். கைடு நல்ல வாயாடி. ஆனால் அவருக்கு எல்லாவற்றையும் ஆண்பிள்ளையிடம்தான் சொல்லவேண்டும். "சார், இந்தத் தூணைப் பாருங்க சார்" என்று மைசூர்க்காரர் பக்கமாகவே திரும்பிக்கொண்டு பேசினார். இந்த மாதிரி கைடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு எரிச்சலாக வரும். இரண்டாவது தூணில் மைசூர்க்காரர் சத்தமில்லாமல் எங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "நான் எத்தனையோ தடவை பார்த்தாச்சுப்பா. இவங்களுக்குச் சொல்லு" என்றார். அதன் பிறகு கைடு எங்களைப் பார்த்துத்தான் பேசவேண்டியிருந்தது. "பத்துக்கு எட்டு" என்றேன் நாத்தனாரிடம், உருதுவில். "மீசைக்கு ரெண்டு குறைங்க" என்றாள்.

அடுத்து, வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த பாதாளச் சிறை. நாத்தனாருக்கு மூட்டுவலி. படியைப் பார்த்ததுமே மேலே நின்றுவிட்டாள். நானும் கைடும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவரை அவர் அவளோடு மேலேயே இருந்தார். திரும்பி வந்தபோது இருவரும் ஒரு மரத்தடிக் கல்லில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் நிழல் இருந்த முனையில் அவள் இருந்தாள். அவர் வெயிலில் இருந்தார்.

பிறகு தோட்டத்துக்கு நடுவே இருக்கும் கோடைக்கால அரண்மனை. சுவர் முழுக்க யுத்தக் காட்சி வரைந்திருக்கிறார்கள். நாங்கள் ஹைதராபாத் என்று தெரிந்ததும் கைடுக்குக் குஷி வந்துவிட்டது. ஒரு மூலைக்கு அழைத்துப் போய், "இதோ உங்க நிஜாம் படை. சண்டை எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து சேர்ந்தாங்களாம். சுல்தான் கேலி பண்ணி வரையச் சொல்லியிருக்கார்" என்றார். நாத்தனாருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நிஜாமிலிருந்து ஆரம்பித்து எல்லோரையும் திட்டுகிறவள் அவள். அயலூர்க்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் நிஜாம் அவளுக்குப் பெரியப்பா ஆகிவிட்டார். "எங்க ஊர்லேர்ந்து இவ்வளவு தூரம் வரணும்னா லேட்டாகாதா? யானையை வச்சுக்கிட்டு ஓடியா வருவாங்க?" என்று சண்டைக்குப் போனாள்.

"அதானே," என்றார் மைசூர்க்காரர். "லேட்டானா என்ன, வந்தாங்களே."

நாத்தனார் சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சொன்னாரோ என்று எனக்குக் காது சூடாயிற்று. இந்த வயதில் இதெல்லாம் வேறு.

வெளியே தோட்டத்தில் நடக்கும்போதுதான் அவள் முகம் மாறியது. அவர் எங்கள் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஆள் நல்லவராகத்தான் இருக்கிறார் அண்ணி என்றாள், உருதுவிலேயே. அதனால்தான் பயமாக இருக்கிறது என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாக, "தும் கயே தோ மேரா மைக்கா கயா" என்றாள். நீங்கள் போனால் என் பிறந்த வீடு போயிற்று.

இத்தனை நாளாக அவள் சொல்லாத வார்த்தை. எனக்குக் கோபம் வந்த மாதிரி காட்டிக்கொண்டேன். நான் எங்கேயடி போகிறேன், வீட்டை விட்டு வருவதாக இல்லை என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன், ஒத்துவராவிட்டால் போகட்டும் என்றேன், உருதுவில்தான். சொல்லும்போதே பின்னால் வருகிறவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. "நக்கோ அண்ணி," என்றாள். வேண்டாம், எனக்காகக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், நான் என் வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறேன் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றாள்.

கடைசியாக, பிரிந்து போன காவேரி மறுபடியும் ஒன்று சேருகிற சங்கமம். கைடு வண்டியிலேயே தங்கிவிட்டார். படித்துறையில் பரிசல்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் கூடையில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். இவர் போய் மூன்று வாங்கினார். பெரியவர் பிளந்து, உப்பு தடவி, மிளகாய்ப்பொடியைக் கையில் எடுத்தார்.

"மிர்ச்சி நக்கோ, பாய்," என்றார் இவர். "காலையிலேர்ந்து இவங்களுக்கு வெயில் ஒத்துக்கல" என்பதையும் எங்கள் உருதுவிலேயே, எங்கள் ஊர் இழுப்போடு சொன்னார். பெரியவர் "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினார்.

நாங்கள் இரண்டு பேரும் கல்லாகிவிட்டோம். நாத்தனார் என் முழங்கையைப் பிடித்த பிடியில் வளையல் கையில் பதிந்தது.

"உங்களுக்கு இந்தி வராதுன்னு சொன்னீங்களே" என்றேன். டீச்சர் குரலில்தான் கேட்டேன், ஆனால் அதில் அதட்டல் இல்லை.

"இந்தி வராதுங்க. செய்தி போட்டா ஒண்ணும் புரியாது," என்றார். "இது நான் பொறந்து வளந்த தெருவோட பாஷை. உங்க ஊருக்கு மட்டும்னு யார் சொன்னா?"

"எதுலேர்ந்து கேட்டீங்க?"

"தொப்பைலேர்ந்து."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தொப்பை, மீசை, பத்துக்கு எட்டு எல்லாம் வரிசையாக மனசுக்குள் ஓடின. அதெல்லாம் போகட்டும், சிரித்துச் சமாளித்துவிடலாம். தோட்டத்தில் பேசியதையும் கேட்டிருக்கிறார். அது எங்கள் இருவருக்கு மட்டுமான பேச்சு. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அதைவிட, என் நாத்தனாரின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அவர் வெள்ளரிக்காயை எங்களிடம் கொடுத்துவிட்டு இரண்டு படி கீழே இறங்கி, நாத்தனாருக்கு எதிரே நின்றார். தமிழில்தான் பேசினார்.

"ஒளிஞ்சு கேட்டதுக்குத் தப்பா நெனைக்காதீங்கம்மா. நானா சொல்லியிருக்கணும். நீங்க பேசறது நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல." மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். "இத்தனை நாளா எனக்கு ஒரு கொழப்பம். பொண்ணு கேக்கணும்னா முறையா ஒருத்தர்கிட்ட கேக்கணும் இல்லையா? இவங்களுக்கு அப்பா அம்மா இல்ல. பையன்கிட்ட போயி கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. இவங்களுக்குன்னு ஒரு பொறந்த வீடு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. அது நீங்கதான். உங்ககிட்ட கேக்கறேன். உங்க அண்ணிய எனக்குக் குடுப்பீங்களா?"

என் நாத்தனார் கையிலிருந்த வெள்ளரிக்காயைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணி?" என்றாள்.

"உன்னைத்தானே கேக்கறாரு. நீ பேசு" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். புடவைக்கடையில் விலை பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அப்படித்தான் செய்வாள்.

"எங்க வீட்டுப் பொண்ணை வெளியூருக்கு அனுப்பறதா இல்ல" என்றாள். "மாப்பிள்ளைதான் எங்க வீட்டுக்கு வரணும்."

"மைசூர் வீடு?"

"அது எங்க ஓடிப்போகுது? லீவுக்கு எல்லாருமா வந்து இருந்துட்டுப் போலாம்."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு இன்னும் ஒரு மார்க் போட்டேன். அந்த வீட்டில்தான் அவருடைய மனைவி வாழ்ந்தார். மனைவி வைத்த தென்னைகளைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறார். காலையில் கூட நடக்க நண்பர்கள் இருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு மனிதன் இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது ஊருக்கு வரவேண்டும். நான் வேண்டாம் என்று நினைத்த அதே காரியத்தை நாங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வர்றேன்மா," என்றார் கடைசியில். "பாஷைக்குக் கவலையில்ல. ஆனா அந்த ஊர்ல எனக்குன்னு யாரு இருக்கா?"

நாத்தனார் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தங்கச்சி ஒருத்தி இருக்கேன்," என்றாள். "போதாதாண்ணா?"

அவள் அண்ணன் போன நாளிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "போதும்மா" என்றார் அவர். நான் வெள்ளரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசல்காரர்கள் எல்லோரும் பார்க்க அழுதேன்.